வெறும் தண்ணி டியூப்

சாயங்காலம் ஏழு இருக்கும். பிலிப்பைன்ஸ்ல இலோயிலோன்னு ஒரு ஊர்ல ஆத்தோரமா, ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் ஒரு ரோடு போகுது பாருங்க... விளக்கே கிடையாது. அதுல தனியா நடந்து வந்தா டெல்ஃபினா. எனக்குத் தெரிஞ்ச லிகாயான்னு ஒரு பொண்ணோட ஒண்ணுவிட்ட அக்கா.

வந்தது சாவு வீட்டுலருந்து. செத்தது ஹெர்மினியா, அவகூட அந்த ஆஸ்பத்திரி லேப்ல வேலை பார்த்தவ. நுரையீரல்ல புத்துநோய். சவப்பெட்டி பக்கத்துலயும் எல்லாருக்கும் அதே பேச்சு... "ஹெர்மினியா கை மாதிரி வருமா?" டெல்ஃபினாவுக்கு வயிறு எரிஞ்சுது. செத்தும் இவதானா?

சாவு வீட்டுலருந்து நேரா வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு அந்த ஊர் நம்பிக்கை, செத்தவங்க ஆவி கூடவே வந்துடுமாம். வழியில வேற எங்கயாவது ஒதுங்கி, அதை அங்கயே விட்டுட்டுப் போகணும். அவ ஒதுங்கினது... லேப்ல. ஹெர்மினியாவோட நாற்காலியில உக்காந்தா. "இனி இது என்னுது"ன்னு வாய்விட்டே சொன்னா.

பூட்டின அறைக்குள்ள மெந்தால் தைலம் மணத்துது. ஹெர்மினியா மணிக்கட்டுல தேய்ச்சுக்கிற தைலம்.

அங்க வேலை என்னன்னா, நோயாளியோட கட்டித் துண்டுலருந்து டி.என்.ஏ. எடுத்து, எந்த மரபணு மாறியிருக்குன்னு பார்க்கிறது. அதை வச்சுத்தான் மாத்திரை. ஒவ்வொரு தடவையும் ஒரு டியூப்ல வெறும் தண்ணி வைப்பாங்க. அதுல ஒண்ணுமே தெரியக் கூடாது. தெரிஞ்சா வெளியிலருந்து ஏதோ கலந்துடுச்சுன்னு அர்த்தம், அத்தனையும் குப்பை.

மறுநாள் டெல்ஃபினா வச்ச தண்ணியில... யாரோ ஒரு ஆளோட டி.என்.ஏ. தெரிஞ்சுது.

தண்ணியை மாத்தினா. கையுறையை மாத்தினா. திரும்பவும் அதே. மத்தவங்க வச்சா சுத்தம். வெளியில நோயாளிங்க காத்துக் கிடக்காங்க.

"என்னக்கா, எச்சில் துப்பி வைக்கிறியா?"ன்னு சிரிச்சான் ரெனாட்டோ, கூட வேலை செய்யறவன்.

எல்லார் கன்னத்துலயும் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால தடவி ஒப்பிட்டாங்க. யாரோடதும் இல்ல. கடைசியா, எடுத்து வச்சிருந்த ஹெர்மினியாவோட கட்டித் துண்டைப் போட்டுப் பார்த்தாங்க... அச்சு அசல்.

அன்னிக்கு எல்லாரும் போனப்புறம், டெல்ஃபினா அந்த நாற்காலி முன்னாடி நின்னு அழுதா. "உன் கை எனக்கு வரலையேன்னுதான்க்கா எரிஞ்சேன். வேற ஒண்ணும் இல்ல..."

மறுநாள் தண்ணி சுத்தம். அதுக்கப்புறம் ஒரு தப்பு கிடையாது. "அடடா, அப்படியே ஹெர்மினியா கை!"ன்னார் பெரிய டாக்டர். அவளும் சிரிச்சா. எத்தனை வருஷமா ஏங்கின வார்த்தை...

அடுத்த மாசம் புது மெஷின் வந்தது. சரிபார்க்கறதுக்காக ரெனாட்டோ மறுபடி எல்லார் கன்னத்துலயும் தடவினான்.

டெல்ஃபினா பேர் ஒட்டின டியூப்ல... டெல்ஃபினா இல்ல. ஹெர்மினியாதான் இருந்தா. அவளைக் கொன்ன புத்துநோயோட மரபணு மாற்றமும் சேர்த்து.