பக்கத்து இருக்கைக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ்

"பக்கத்துலதானே உக்காந்திருக்கேன். எனக்கே வாய்ஸ் மெசேஜ் அனுப்பப் போறியா?"

ஜொகூர் பாருவிலிருந்து குளுவாங் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் மனைவியிடம் கேட்டார்.

"நேர்ல சொன்னா பாதியிலேயே குறுக்கப் பேசுவீங்க. இதுல முடியாது லா. கொஞ்சம் சும்மா இருங்க," என்ற மனைவி, கைப்பேசியை வாயருகே வைத்துப் பேசத் தொடங்கினார்.

"தினமும் விடியறதுக்கு முன்னாடியே மோட்டார்ல பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறீங்க. நேத்து வந்ததும் ஹெல்மெட்கூட கழட்டாம சோபாவுல தூங்கிட்டீங்க. இப்படியே தூக்கக் கலக்கத்துல ஓட்டினா என்னாகும்? நீங்க வீடு வந்து சேர்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கமாட்டேங்குது. இந்தப் பக்கமே ஒரு வேலை தேடுங்க. சம்பளம் கம்மின்னாலும் சமாளிச்சுக்கலாம்."

கணவருடைய கைப்பேசி ஒலித்தது. காதில் வைத்து முழுவதும் கேட்டார். பிறகு இன்னொரு முறை கேட்டார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிச் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா?"

"ம்."

"அப்ப பதில் அனுப்புங்க."

அவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

"போன வாரம் சிக்னல்ல நிக்கிறப்பவே கண்ணு சொருகிடுச்சு, கலா. பின்னால வந்தவன் ஹாரன் அடிச்சுத்தான் முழிச்சேன். சொன்னா நீ பயந்துடுவேன்னு சொல்லல. எனக்கும் பயமாத்தான் இருக்கு. இந்த மாசத்தோட நிறுத்திக்கிறேன்."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"சரி, சாஞ்சுக்குங்க. குளுவாங் வந்ததும் எழுப்புறேன்."