பதினெட்டாவது வணக்கம்

அவைக்கு அழகாய், ஆரவாரத்துக்கு அணையாய் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! தலை நரைத்தும் தமிழார்வம் நரைக்காத முன்வரிசைப் பெரியோர்களே! வேலைக்கும் போய், வீட்டையும் தாங்கி, விடுமுறை நாளிலும் பிள்ளைகளுக்குத் தலைவாரி அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் கைபேசியோடு கலந்திருக்கும் காளையர்களே! அத்தனை பேருக்கும் என் அன்பு வணக்கம்.

முடிந்தது! கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன், அரை நிமிடம்.

என்ன ஐயா அங்கே சத்தம்? "துணைத் தலைவரை விட்டுட்டீங்களே" என்கிறீர்களா? வேண்டுமென்றேதான் விட்டேன். அவர் இந்தக் கதையில் பின்னால் வருகிறார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் லிப்ட் மெக்கானிக். இந்த நகரத்துக்கு வந்து எட்டு வருடம். என் மனைவி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். மகளுக்குப் பத்து வயது, வீட்டில் அவள் பெயர் பட்டாணி. சென்ற ஆண்டு பண்பாட்டுப் பரிமாற்ற விழாவுக்கு நாங்கள் மூவரும் போனது உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே நான் செய்த காரியமும் தெரியும். தெரிந்தும் மேடைக்கு அழைத்தீர்களே, உங்கள் தைரியத்தைப் பாராட்டுகிறேன்!

இருபத்திரண்டு நாட்டுக் குழுக்கள். குழுவுக்கு ஐந்தே நிமிடம். நம் தமிழ்ச் சங்கத்தின் ஐந்து நிமிடத்தைப் பட்டாணிக்கும் அவள் அம்மாவுக்கும் கொடுத்தீர்கள். அம்மாவின் வேலையைப் பற்றி மகள் தமிழில் எட்டு வரி எழுதியிருந்தாள். மகள் ஒரு வரி சொல்ல, அதையே அம்மா இந்த நாட்டு மொழியில் சொல்ல வேண்டும்.

என் மனைவி யார்? "சரி", "நன்றி", "மன்னிக்கவும்" என்ற மூன்று சொற்களோடு ஏழு வருடம் வேலை பார்த்தவள். பேசத் தெரியாதவளா? வீட்டில் அவள் ஆரம்பித்தால் நான் வாய் திறக்க முடியாது! சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டு நிலவரமும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் அந்தச் சலவைக்கூடத்தில் ஏழு வருடம் ஊமையாய் நின்றாள் ஐயா! அந்த ஊமைத்தனத்தை உடைக்க மூன்று மாதம் உழைத்தாள். காய் நறுக்கும்போது ஒரு வரி, பேருந்துக்குக் காத்திருக்கும்போது ஒரு வரி. நாக்கு புரளாத சொல்லை நூறு முறை சொன்னாள். கூட வேலை செய்யும் ஐந்து பெண்களை, "வந்து கேளுங்கள்" என்று அழைத்தும்விட்டாள்.

விழா நாள் வந்தது. இரண்டு பேருந்து மாறி, டிபன் டப்பாவும் தண்ணீர் பாட்டிலுமாகப் போய் இறங்கினோம். ஐந்து பெண்களும் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நம் துணைத் தலைவர். நான் இணைச் செயலாளர் அல்லவா? ஒரு நிமிடம் அறிமுகம் செய்துவிட்டு இறங்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

மைக்கைப் பிடித்தேன். சட்டைப்பையில் பட்டியல் இருந்தது. பதினாறு பெயர்! நமக்குத் தெரியாதா? ஒருவரை விட்டால் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஆகவே பதினாறு பேருக்கும் அடைமொழி கூட்டி, அணி சேர்த்து, வணக்கம் வைத்தேன். முடிக்கும்போது பார்க்கிறேன், துணைத் தலைவர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பட்டியலில் அவர் இல்லை! விடுவேனா? "விடுபட்ட வித்தகரே, வினயத்தின் விளக்கே" என்று பதினேழாவது வணக்கத்தைத் தொடங்கினேன்.

மணி அடித்துவிட்டார்கள்.

அடுத்த குழுவினர் புல்லாங்குழலோடு படியேறி வந்துவிட்டார்கள். கெஞ்சினேன், நேரம் நேரம்தான் என்றார்கள். லிப்ட் வாசலில் நின்று ஒருவர் கதை பேசினால் கதவு மூடாது, மேல்மாடியில் நிற்பவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். இதை ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான்! அன்று வாசலை அடைத்து நின்றவனும் நானே.

அந்த ஐந்து பெண்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? நான் பேசியதுதான் நிகழ்ச்சி என்று நினைத்து எழுந்து நின்று கை தட்டினார்கள். மேடைப் படியில் என் மனைவி கையிலிருந்த காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். எனக்கு நிலத்தில் புதைந்துவிடலாம் போலிருந்தது.

திரும்பும்போது பேருந்தில் பட்டாணி கேட்டாள்: "அப்பா, பதினேழு பேருக்கு வணக்கம் சொன்னீங்க. அம்மாவுக்கு ஒண்ணுகூடச் சொல்லலையே?"

"விடு பாப்பா, அப்பா பாவம்" என்றாள் என் மனைவி.

திட்டியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். பாவம் என்றாளே! அதன் பிறகு, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "எனக்கு வேண்டாம், வேற யாரையாவது கேளுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

அடுத்த மாதம் மீண்டும் அந்த விழா. மீண்டும் அதே ஐந்து நிமிடம். கேட்கிறேன், அந்த மேடை யாருக்கு? பட்டியல் படிக்கும் எனக்கா? பட்டியலில் பெயர் தேடும் உங்களுக்கா? வாயிருந்தும் வார்த்தையின்றி நிற்கும் நம் வீட்டுப் பெண்களுக்கா? அந்நிய மண்ணில் அடையாளம் வேண்டும் என்கிறோமே, அந்த அடையாளம் பேச வரும்போது மைக்கை அடைத்துக்கொள்வது யார்?

நான் இனி அடைக்க மாட்டேன். அடுத்த மாதம் மேடையேற மாட்டேன், மைக்கைத் தொட மாட்டேன். நாற்காலி தூக்குவேன், ஒயர் இழுப்பேன், ஒதுங்கி நிற்பேன். இது உறுதி!

இப்போது துணைத் தலைவர் வருகிறார். போன வாரம் வீடு தேடி வந்து சொன்னார்: "என் பேரை விட்டிருந்தா கோவிச்சிருப்பேன்தான் தம்பி, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பொண்ணு படியில நின்னதை நானும் பாத்தேன். இந்தத் தடவை எங்க யாரையும் சொல்லாதே." அதோ, தலையாட்டுகிறார் பாருங்கள். தட்டுங்கள் கையை, அவருக்காக!

தலைவர் எனக்குத் தந்தது பத்து நிமிடம். ஆறுதான் ஆகியிருக்கிறது. மீதி நான்கு என்னுடையது அல்ல.

மூன்றாவது வரிசையில் பட்டாணியோடு உட்கார்ந்திருப்பவரே! வீட்டில் "வா" என்பேன், இன்று "வாருங்கள்" என்கிறேன். அந்தக் காகிதம் இன்னும் உங்கள் கைப்பையில் இருப்பது எனக்குத் தெரியும். விருப்பம் இருந்தால் வாருங்கள், இல்லையென்றால் இந்த நான்கு நிமிடமும் மைக் சும்மா நிற்கட்டும். வேறு யாரும் தொடப் போவதில்லை.

யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். கொஞ்சம் அமைதி... எழுந்துவிட்டார்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. நான் இறங்குகிறேன். போன வருடம் சொல்லாமல் விட்ட பதினெட்டாவது வணக்கம், பட்டாணியின் அம்மாவுக்கு!