பாஸ்வேர்டின் பின்பாதி

தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னதைக் கேட்டதும் என் தூக்கம் போய்விட்டது.

"எங்க பெயின்ட் கடை கம்ப்யூட்டருக்க பாஸ்வேர்டுல முன்பாதி எனக்க வீட்டுக்காரருக்குத் தெரியும். பின்பாதி கொழுந்தனுக்குத்தான் தெரியும்."

"அதென்ன ஏட்டி கூத்து?"

"கம்ப்யூட்டர் கம்பெனில இருந்துன்னு எவனோ போன்ல கேட்டான். இவரு அப்பிடியே சொல்லிக் குடுத்துட்டாரு. நல்ல காலம், ஒண்ணும் போகல்ல. அதுக்குப் பொறவு ஆளுக்குப் பாதி."

"அண்ணனும் தம்பியும் கோயில் கொடைத் திருவிழாவுல சண்டை போட்டதுல இருந்து பேசுகதில்லியே?"

"ஆமா. காலையில இவரு பாதி அடிச்சிட்டு எழும்பிப் போவாரு. அவன் வந்து மீதியை அடிப்பான். மூஞ்சைக்கூட பாக்கமாட்டாங்க."

"வெளங்கும்!"

"நேத்து கொழுந்தனுக்குக் காய்ச்சல், கடைக்கு வரல்ல. பின்பாதி கேக்க இவரே அவனுக்க வீட்டுக்குப் போனாரு."

"போன்ல கேட்டா போராதா?"

"போன்ல யாரு கேட்டாலும் சொல்லப்பிடாதுன்னு இவருதான சட்டம் போட்டாரு."

"பொறவு? அவன் சொன்னானா?"

"யாருக்குத் தெரியும்? மத்தியானம் நான் போய்ப் பாத்தா, ரெண்டுபேரும் கஞ்சி குடிச்சிட்டு ஒரே பாயில கிடந்து உறங்குகாங்க. நேத்து முழுக்கக் கடை திறக்கல்ல."