சேனை இலுப்பை

கரண்டும் இல்லாத, எஞ்சினும் இல்லாத காலமுங்க அது. கருக்கம்பாளையத்துல மாடு கட்டித்தான் கரும்பாலை ஓட்டுவாங்களாம். மாடு சுத்தும், கரும்பு நசுங்கும், சாறு கொப்பரைக்குப் போவும். சாறு வெல்லப் பாகாவற வரைக்கும் கொப்பரைக்குக் கீழே தீ எரிஞ்சுக்கிட்டே இருக்கோணும். சக்கையை என்ன பண்ணுவாங்க? களத்தோரம் கொட்டி மக்க விட்டுருவாங்க. மரத்தை வெட்டி அடுப்புல வெப்பாங்க. வருசா வருசம் வெட்டி வெட்டி, ஊருல ஒதுங்க நிழல் இல்லாமப் போச்சாம். அது ஒருத்தனுக்கும் உறைக்கலை. அந்தச் சனத்தை என்னன்னு சொல்றது.

ஆலைக்காரர் பேரு ராசப்பன். அவரு தம்பி மாரப்பன். தம்பி சம்சாரம் அத்தாயி. இது அந்த அத்தாயி கதை.

அத்தாயிக்குத் தலைச்சன் பொறந்தது ஆலை ஓடற நாள்ல. ஆம்பளைப் புள்ளை. பொறந்த புள்ளை நாக்குல இனிப்புத் தண்ணி தொட்டு வெக்கறதைத்தான் சேனைங்கறோம். ஆரு வெக்கறாங்களோ அவங்க குணம் புள்ளைக்கு வரும்பாங்க. மூத்தவர் ராசப்பன்தான் வெக்கோணும்னு பேசி வெச்சிருந்தாங்க. அவரைக் கூப்பிட ஆள் போச்சு. "கொப்பரை கொதிக்குது, பாகை இறக்கிப்போட்டு வந்தர்றேன்"னு சொல்லியனுப்பிச்சாராம். கொதிக்கற பாகை விட்டுட்டு வர முடியாதுங்க, அது நெசம்தான். அவரு இறக்கிப்போட்டு வர்றதுக்குள்ள புள்ளை போயிருச்சு. நாக்குல ஒரு சொட்டு இனிப்புப் படாமயே போயிருச்சு.

களத்தோரம் ஒரு இலுப்பை மரம். அதுக்கடியில புதைச்சாங்களாம்.

அத்தாயி அழுதாளா? ஆரும் பார்க்கலை. தெனமும் அந்த மரத்தடிக்குப் போவாளாம். சும்மா இருக்காத கை அவளுக்கு. கெடக்கற சக்கையை அள்ளி வெயில்ல விரிப்பாளாம். காஞ்சதை வீட்டு அடுப்புல வெச்சுப் பார்த்தா, நல்லா எரிஞ்சுது. அப்பறம் அவ அடுப்புக்கு அதுதான். "பாவம், புள்ளை போன ஏக்கத்துல குப்பையைக் காய வெக்கறா"ன்னு பொம்பளைங்க சிரிச்சாங்களாம். அவ பாட்டுக்கு விரிச்சு, காஞ்சதை அம்பாரமாச் சேத்துக்கிட்டே இருந்தா.

மறுவருசம் கரும்பை வெட்டியாச்சு, சாறு கொப்பரைக்கு வந்தாச்சு, விறகு இல்லை. சாறு புளிச்சுதுன்னா வருசப் பாடு அத்தனையும் வீண். ராசப்பன் கோடாலியை எடுத்தார். ஊருல மிச்சம் நின்னது அந்த ஒத்தை இலுப்பைதான்.

புருசனோட அண்ணனுக்கு முன்னால நின்னு பேசற வழக்கம் அன்னிக்கு இல்லைங்க. அத்தாயி போயி மரத்துக்கும் கோடாலிக்கும் நடுவுல நின்னாளாம்.

"மாமா, மரம் வேண்டாமுங்க. காஞ்ச சக்கையில எரிக்கலாமுங்க."

"சக்கை பொசுக்குன்னு எரிஞ்சு அணைஞ்சு அமிஞ்சு போயிரும் அத்தாயி. பாகு கெட்டாக் கெட்டதுதான்."

"அமிய விட மாட்டனுங்க. அடுப்பு வாயில நானே உக்காந்துக்கறனுங்க."

ராசப்பன் அவ மூஞ்சியைப் பார்க்கலியாம். "ஒரே கொப்பரை. நடுவுல தீ அமிஞ்சுதுன்னா மரத்தை வெட்டுவேன். அப்பறம் அழப்படாது."

"சரிங்க மாமா."

உக்காந்தா. விறகுன்னா வெச்சுட்டு எந்திரிச்சுப் போலாம். சக்கை அப்படி இல்லை. ஒரு புடி போடோணும், அது எரியறதுக்குள்ள மறுபுடி போடோணும். போட்டா, போட்டா, போட்டுக்கிட்டே இருந்தா. கை மயிரு கருகுச்சு. சேலைத் தலைப்புப் பொசுங்குச்சு. தண்ணி குடிக்கவும் எந்திரிக்கலை. அன்னிக்கு மூத்தவர் ஏன் வர முடியலைன்னு, அந்த அடுப்பு வாயில உக்காந்தப்பத்தான் அவளுக்குப் புரிஞ்சுதும்பாங்க.

பாகு பதத்துக்கு வர்ற நேரம், காஞ்ச சக்கை தீர்ந்துபோச்சு. மிச்சமெல்லாம் அப்பப் புழிஞ்ச ஈரச் சக்கை. எல்லாரும் கோடாலியைப் பார்த்தாங்க.

அத்தாயி தலையைத் திருப்பாமயே புருசனைக் கூப்பிட்டாளாம்.

"ஏனுங்க, நம்ம கூரையைப் பிரிச்சுக் கொண்டாங்க."

அந்தக் கூரை கரும்புச் சோகை வேஞ்சதுங்க. கரும்புல உரிச்சுப் போடற தோகை, காஞ்சு கெடக்கறது. மாரப்பன் ஓடிப்போயி ஏறிப் பிரிச்சான். சிரிச்ச பொம்பளைங்களே கட்டுக் கட்டாத் தூக்கியாந்து குடுத்தாங்களாம். வீடு மொட்டையா நின்னுது. தீ அமியலை.

ராசப்பன் துளி பாகைத் தண்ணியில விட்டுப் பார்த்தார். உருண்டு நின்னுது. "இறக்குங்கடா"ன்னார்.

புதுப் பாகுக்கு எல்லாரும் கையை நீட்டுனாங்க. அவரு ஒருத்தருக்கும் குடுக்கலை. கோடாலியைக் கீழே போட்டுட்டு, ஒரு கொட்டாங்குச்சியில கொஞ்சமா எடுத்தார். ஊதி ஊதி ஆத்துனார். இலுப்பைக்குப் போயி குத்தவெச்சு உக்காந்து, வெரல்ல தொட்டு மண்ணுல வெச்சார்.

"நேரமாயிருச்சு சாமி"ன்னாராம். "பெரியப்பன் இப்பத்தான் வந்தேன்."

அப்பத்தான் அத்தாயி அடுப்பு வாயை விட்டு எந்திரிச்சா. ஊரு கேக்க அழுதாளாம்.

அவ கூரையை ஊரே கூடி வேஞ்சு குடுத்துது. அன்னையிலிருந்து கருக்கம்பாளையத்துல ஆலைக்கு மரம் வெட்டறதில்லை. இப்பப் பெரிய மில்லுல சக்கையை எரிச்சுக் கரண்டே எடுக்கறாங்களாம். எடுக்கட்டும், நல்லதுதான். ஆனா எங்கூருல மொதக் கொப்பரை இறக்குனா, எப்பேர்ப்பட்ட ஆளு வந்து நின்னாலும் கையை நீட்டப்படாது. ஒரு துளி எடுத்துப் போயி சேனை இலுப்பைக்கு வெச்சுட்டு வந்துதான் மத்தவங்களுக்கு. ஊதி ஆத்தாம வெச்சா வைவாங்க. புள்ளைக்கு நாக்குச் சுட்டுருமுங்க.