ஆறாம் நம்பர் இறங்குகிறது

சாயங்காலம் நாலரை மணி. மலையடிவாரத்து ரோடு, அதில் ஒரே ஒரு சைக்கிள்... பேய்க்கு நடுராத்திரிதான் வேண்டும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

சைக்கிளில் போனவர் என் சிநேகிதியின் அண்ணன். மலை ரயிலுக்கு மின்சாரம் அனுப்பும் நிலையத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். மேலே கல் குவாரி, கீழே வண்டிகள் நிற்கும் யார்டு, நடுவில் நாற்பது நிமிஷ இறக்கம். அந்த மின்சார இன்ஜின்களுக்கு ஒரு குணம் உண்டு. பாரத்தோடு இறங்கும்போது அதுவே மின்சாரம் உண்டாக்கிக் கம்பிக்குத் திருப்பித் தரும். பக்கத்துத் தடத்தில் ஏறுகிற காலி வண்டி அதை வாங்கிக்கொள்ளும். வாங்க ஆள் இல்லையென்றால் இறங்குகிற வண்டிக்குப் பிரேக் பிடிக்காது. அதனால் ஒரு கட்டுப்பாடு. கீழேயிருந்து இவர் போனில் "ஏத்தம் கிளம்பிருச்சு" என்று சொன்னால்தான் மேலே இறக்கத்தை விடுவார்கள்.

குவாரி தீர்ந்தது. லைனை மூடினார்கள். ஆறு இன்ஜின்களையும் யார்டில் நிறுத்தி, காஸ் வைத்து அறுத்தார்கள். இவர் நின்று பார்த்தார்.

மிஞ்சியது தண்டவாளத்துக்கு மேலே ஓடிய செம்புக் கம்பி. அதைக் கழற்றும் வேலைக்கு மலைமேல் போயிருந்தார் என் சிநேகிதியின் புருஷன், ஆறாம் நம்பர் இன்ஜினின் பழைய டிரைவர். அன்று மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். சாமான்களைப் பூட்டிவைக்க அவர் மட்டும் தங்கினார்.

சைக்கிளில் வந்த அண்ணன் நிலையத்தைத் திறந்து, பழைய போனின் கைப்பிடியைச் சுழற்றினார்.

"என்ன மாப்ள, கம்பிய மொத்தமா முழுங்கிட்டியா?"

"பாதிதான் மச்சான். மீதி உங்க தங்கச்சிக்கு வளையல். பழைய மாதிரி ஒரு தடவ சொல்லுங்களேன். கேட்டு ரொம்ப நாளாச்சு."

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏத்தம் கிளம்பிருச்சு."

"இறக்கத்த விட்டாச்சு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். இவர் சிரிப்பு பாதியில் நின்றது... மீட்டர் முள் அசைந்தது.

டக். ஒரு கோடு. டக். இன்னொரு கோடு. மின்சாரத்தைத் துண்டித்து இரண்டு வருஷமான பலகை அது. அறையெல்லாம் சூடேறிய வார்னிஷ் வாடை.

"மச்சான்..." குரல் இறங்கியிருந்தது. "ஆறாம் நம்பர் நிக்குது."

"விளையாடாத."

"நகருது மச்சான். பின்னால பூரா கல்லு. உள்ள ஆளில்ல."

"கிட்ட போகாத மாப்ள. சொன்னாக் கேளு."

"கீழ ரயில்வே கேட்டுல ஜனம் போகுமே. யாராச்சும் பிரேக்கப் பிடிக்கணும்ல. நீங்க ஏத்தத்த அனுப்புங்க."

மேலே ரிசீவர் சுவரில் மோதி ஆடுவது போனில் கேட்டது. இன்ஜினின் இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. ஹார்ன்... நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று.

எதை அனுப்புவார்? யார்டுக்கு ஓடினார். அறுத்த இடத்தில் புல்தான் இருந்தது. மலைக்கு மின்சாரத்தை நிறுத்தலாம் என்றால், நிறுத்த ஒன்றும் ஓடவில்லை. கேட்டருகே கையை விரித்துக்கொண்டு நின்றார். நாற்பது நிமிஷம் போனது. ஒரு மணி நேரம் போனது. எதுவும் வரவில்லை. தண்டவாளத்தின் துருகூட உதிரவில்லை.

மலையெல்லாம் தேடினார்கள். ஆள் இல்லை.

முள் மட்டும் கீழே வரவேயில்லை. தினம் ஒரு மயிரிழை ஏறியது. இறங்குகிற வண்டி தரும் மின்சாரத்தைக் காட்டுகிற முள் அது; ஏறினால் வேகம் கூடுகிறது என்று அர்த்தம். சிநேகிதி சாயங்காலம்தோறும் வந்து பலகை முன்னால் உட்காருவாள்.

"இன்னும் இறங்குறாராண்ணா?"

"இறங்குறாரும்மா."

ஐந்து மாதத்தில் முள் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அன்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தண்டவாளத்துக்கு நடுவே மலையைப் பார்த்து நடந்தாள்.

"எங்கம்மா போற? திரும்பி வா."

டக். அவர் திரும்பிப் பார்த்தார்.

முள் ஒரு கோடு இறங்கியிருந்தது.

மறுபடியும் கூப்பிட வாயைத் திறந்தவர்... மூடிக்கொண்டார். ஏத்தம் கிளம்பியிருந்தது. நானாக இருந்தாலும் என்ன செய்திருப்பேனோ, தெரியவில்லை கண்ணுகளா.

காலையில் புறப்பட்டால் மத்தியானத்துக்குள் ஏறி முடிக்கிற மலை அது. அவள் போய் இன்றைக்கு ஒன்பது நாள். முள் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது... கோடு கோடாக.