கறுப்புப் பைக்குள் பேரம்

ராத்திரி பதினொன்று. நெம்மேலிக்கு வெளியே மணல் தடம்... ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, ஒரு பக்கம் கடல். நாய்கூடக் குரைக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. இது நம்ம ஹமீதோட மாமு பஷீருதீனுக்கு ஐம்பத்தேழாம் வருஷம் நடந்தது. ஹமீது அதோ உட்கார்ந்திருக்கான். பொய்யானால் இப்பவே சொல்லட்டும்.

மாமுவுக்கு செங்கல்பட்டு பஜாரில் போட்டோ ஸ்டுடியோ. மெட்ராஸ் போய் ஒரு பழைய லென்ஸ் வாங்கிவந்தார். வாய் அகலம், கல்யாணக் கூட்டம் மொத்தமும் ஒரே படத்தில் அடங்கும். வெளிச்சத்தை மடமடவென்று குடிக்கும், பல்பு இல்லாமலே ராத்திரி நிக்காவை எடுக்கலாம். ஒரே ஒரு குறை... முன்னே அதை வைத்திருந்தவர் நெம்மேலிக் கரைக்குப் படம் பிடிக்கப் போனவர். கேமரா மணலில் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

"அது இந்த வூட்டுல இருந்தா நான் இருக்க மாட்டேன். கடல்ல போட்டுட்டு வா" என்றார் அவர் சம்சாரம் ஷஹர்பானு மாமி.

"சோதிச்சுப் பாக்காம போடுவாங்களா?"

"எங்க சோதிப்ப?"

"அதே கரையில."

அன்றைக்கே கிளம்பிவிட்டார். வலைக்கார எல்லப்பன் மூன்று அரிக்கேன் விளக்கைக் குச்சியில் மாட்டி மணலில் நட்டான். நடுவில் ஒன்று, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. லென்ஸை முழுசாகத் திறந்து எடுத்தால், ஓரத்து வெளிச்சம் எவ்வளவு சிதறுகிறது என்று தெரிந்துவிடும். அதுதான் சோதனை.

"அண்ணாத்த, நான் தோப்பாண்ட நிக்கறேன்" என்று எல்லப்பன் நழுவினான்.

க்ளிக். க்ளிக்... பிலிம் சிக்கிக்கொண்டது.

அதற்கென்று கறுப்புத் துணிப்பை உண்டு. கேமராவை உள்ளே வைத்து மூடி, இரண்டு துணிக்கைகள் வழியாகக் கையை நுழைக்கணும். ரப்பர் மணிக்கட்டைக் கவ்விக்கொள்ளும். துளி வெளிச்சம் போகாது. மடியில் வைத்து, தடவித் தடவித் திறந்தார். கிர்ர்... கிர்ர்... நிறுத்தினார்.

பைக்குள் இன்னொரு கை.

சில்லென்று... ஈரமாக. ஊறிப்போன கயிற்றின் வாசனை. அது அவர் சுண்டுவிரலைப் பிடித்தது.

வேறொருத்தன் ஓடியிருப்பான். மாமு தோல் மண்டியில் வளர்ந்தவர். அங்கே விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துப் பேசுவார்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால் கையைத் தட்டிவிடணும்.

பழக்கதோஷம். தட்டிவிட்டார்.

இரண்டு விரலைப் பிடித்தது. தட்டினார். மூன்று... தட்டினார். கடைசியில் மொத்தக் கையையும் அள்ளிப் பிடித்தது.

"இன்னாயா, பேஜாரா கீது உன்னோட. இது விக்கிற சரக்கு இல்ல."

கையை வெடுக்கென்று உருவினார். இரண்டு துணிக்கையையும் இறுக்கி முடிச்சுப் போட்டார். "இனிமே நீயே பேசிக்கினு இரு."

விடிகாலை பஸ்ஸில் வழி முழுக்க, மடியில் பை புடைத்துப் புடைத்து அடங்கியது.

ஸ்டுடியோ இருட்டறையில் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே கேமரா மட்டும்தான். பிலிமைக் கழுவினார். விளக்குப் படம் எதிர்பார்த்தபடிதான். நடுவில் பொட்டு மாதிரி. ஓரத்து இரண்டும் சிறகு முளைத்துச் சிதறியிருந்தன. இந்த ஜாதி லென்ஸே அப்படித்தான். ஆனால் அதற்கடுத்து ஒரு படம்... அவர் எடுக்காதது. பைக்குள்ளேயே எடுத்தது.

கைகள். நடுவிலிருந்து நாலு மூலைவரைக்கும் நெருக்கியடித்துக்கொண்டு, முறை வரட்டும் என்று காத்திருக்கிற மாதிரி. மூலைக் கையில்கூட ரேகை தெரிகிறது. சிதறலே இல்லை.

மாமி படத்தைப் பார்த்தார். "இப்பவாவது கடல்ல போடு."

"இத்தினி பேர் கேக்கற சாமான எவனாவது கடல்ல போடுவானா?" கண்ணாடிச் சட்டம் போட்டு ஸ்டுடியோ வாசலில் மாட்டினார் மாமு. லென்ஸின் யோக்கியதைக்கு அத்தாட்சியாம்.

மறுநாள் காலை, கூட்டிப் பெருக்க வந்த மாமி கூப்பிட்டார். படத்தில் ஒரு மூலை காலி. வெறும் கறுப்பு.

"ஒருத்தன் பேரம் படியாம போயிட்டான். நல்லதாப் போச்சு" என்றார் மாமு. "லென்ஸ் இங்கதான் இருக்கும்."

கண்ணாடியில், அந்த மூலைக்கு நேராக, ஈரமாக ஐந்து விரல் தடம். மாமி முந்தானையால் துடைத்தார். போகவில்லை. அழுத்தித் துடைத்தார்...

தடம் உள்பக்கம்.