ஏழு மணிப் படம்

ராத்திரி பத்தேமுக்கால். கீழ்பென்னாத்தூர் தாண்டி, விளக்கே இல்லாத ரோடு. பஸ் அச்சு முறிந்து நின்றுவிட்டது. மற்றவர்கள் சீட்டிலேயே சுருண்டு படுக்க, ஒரே ஒருத்தர் இறங்கித் திருவண்ணாமலைக்கு நடக்க ஆரம்பித்தார்... நம்ம சாந்த் பாஷாவுடைய பெரியப்பா, கவுஸ் பாஷா. மாரடைப்பு வந்து இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. நம்பாதவன் எழுந்து வீட்டுக்குப் போகலாம். ஆனால் தனியாகப் போகணும்.

எண்பத்தாறில் நடந்தது. அன்று மூன்று மணிக்கு மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் தாலியம் ஊசி போட்டு அவர் இதயத்தைப் படம் எடுத்தார்கள். ரத்தம் ஓடுகிற சதை வெளிச்சமாகத் தெரியும். அவர் இதயத்தின் அடியில் ஓர் இடம் கறுப்பு.

"ஏழு மணிக்கு இன்னொரு படம் இருக்குது, பாய். அதுல வெளிச்சம் வந்தா அந்த இடத்துல உசுர் இருக்குது, ஆபரேஷன் பண்ணலாம். வரலன்னா செத்த சதை," என்றார் படம் எடுப்பவர். "கூட யாரும் வரலீங்களா?"

பெஞ்சில் எல்லோருக்கும் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தது. கவுஸ் பாஷாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "வீட்டுக்காரம்மா வெளியே உக்காந்திருக்காங்க," என்று சொல்லிவிட்டார். மனைவி ஜாஹிரா இறந்து மூன்று வருஷம். கூப்பிடுங்க என்றால் யாரைக் கூப்பிடுவது? மனுஷன் இரண்டாவது படத்துக்கு நிற்காமல் பஸ் ஏறிவிட்டார்.

இப்போது ரோட்டில்... சரக்... சரக்... பின்னால் ஒரு காலை இழுத்து நடக்கிற செருப்புச் சத்தம். ஜாஹிரா அப்படித்தான் நடப்பாள். கூடவே அவள் போடும் வெற்றிலை வாசனை. பாஷா நின்றால் அதுவும் நிற்கிறது. அவர் திரும்பவில்லை. திரும்பினால் அங்கே யாரும் இல்லாமல் போய்விடுமோ என்றுதான் அவருக்குப் பயம். மாடி ஏறினாலே நெஞ்சைப் பிடிக்கிறவர், பத்து மைல் நடந்தார். ஒரு வலி இல்லை.

பத்து நாள் கழித்து மறுபடி மெட்ராஸ் போய், படம் எடுப்பவரிடம் சொன்னார்: "மன்னிச்சுக்கோங்க, அன்னிக்கு ஏழு மணிப் படத்துக்கு நிக்காம போயிட்டேன்..."

"இன்னா பாய், வெளையாடறீங்களா? வீட்டுக்காரம்மாதானே கைத்தாங்கலா உங்களக் கூட்டியாந்து படுக்க வெச்சாங்க? உங்க கை ஐஸ் மாதிரி இருந்துச்சே!"

ஏழு மணிக்கு அவர் மதுராந்தகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் இரண்டு படத்தையும் விளக்கில் மாட்டினார். முதல் படத்தில் இதயம் முழுக்க வெளிச்சம், அடியில் மட்டும் கறுப்பு. இரண்டாவதில்... அந்த இடம் மட்டும் வெளிச்சம். சுற்றிலும் இதயமே இல்லை. இருட்டு.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மெஷின் கோளாறா இருக்கும். ஆனா அந்த இடத்துல உசுர் இருக்குது, ஆபரேஷன் பண்ணிடலாம். கையெழுத்து போடணும்... அம்மா எங்க?"

வெளியே வராந்தாவில்... சரக்... சரக்...

பாஷா பெஞ்சில் மெல்ல நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டார்.